துண்டு போட்ட இடம்

மாட்டுத்தாவணியில் பஸ் முழுதாக நிற்குமுன்பே
ஜன்னல் வழியாக விழுகிறது ஒரு துண்டு.
துண்டு எங்கும் போகப் போவதில்லை,
மேலூரில் அதற்கு யாரையும் தெரியாது.
ஆள் ஏறும்வரை சீட்டில் கிடக்கும்,
ஏறியதும் தோளுக்குப் போய்விடும்.

கம்பைலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.
'கிணறு வற்றினால் தாவு' என்று எழுதுகிற நேரத்தில்
எங்கே தாவுவதென்று அதற்கே தெரியாது.
கீழ் வரிகளை இன்னும் படிக்கவில்லை.
முகவரிக் கட்டத்தில் சைபர் போட்டுவிட்டு
மேற்கொண்டு நடக்கும்.
போய் விழ வேண்டிய இடம் வந்ததும்
அங்கே ஒன்றும் செய்யாத கட்டளை ஒன்றை நட்டுவைக்கும்:
சும்மா இரு.
அப்புறம் திரும்பி வந்து
சைபரை அழித்து எண்ணை எழுதும்.

அந்தச் சும்மாக்களை எடுத்தது நான்.
பதினாறு இருந்தன.
பம்ப்செட் ஸ்டார்ட்டருக்குள் உட்காரும் சிப்
இருப்பதிலேயே மலிவானது,
இடம் போதவில்லை.
அண்ணா நகர் மாடியில், ஏசி நின்றுபோன ஒரு மத்தியானம்,
முகவரிகளெல்லாம் நிரப்பி முடிந்த பிறகு,
பதினாறையும் ஒரே தட்டில் துடைத்தேன்.
"டெஸ்ட் ஓடுச்சா?" என்றாள் அமலோற்பவம்.
ஓடியது. எல்லாம் பச்சை.

மூன்றாம் நாள் இருட்டோடு போன்.
கருங்காலக்குடியிலிருந்து வீரணன் என்று ஒருவர்.
"மோட்டார் நிக்கவே மாட்டேங்குதும்மா.
கெணத்துல தண்ணியில்ல,
காத்தக் குடிச்சுக்கிட்டுக் கத்துது."
ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னேன்.
கத்தல் இறங்கி இறங்கி அடங்கியது போனில்.
அப்புறம் ஒரு தவளை.
அப்புறம் அவர், "இதுக்கா இத்தன காசு?"

'வற்றினால்' என்ற வரியில் நிறுத்து என்றேன்.
நிறுத்த இடமில்லை என்றது டீபக்கர்.
நிறுத்துவது பெரிய வித்தையில்லை.
அங்கே இருக்கும் கட்டளையை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு
அந்த இடத்தில் 'நில்' என்று எழுதும்,
பார்த்து முடித்ததும் பழையதைத் திரும்ப வைக்கும்.
எடுத்துவைக்க அந்த வரியில்
நான் எதையும் மிச்சம் விடவில்லை.

அமலோற்பவம் திரையில் விரல் வைத்து
ஜெபமாலை உருட்டும் வேகத்தில் எண்ணினாள்.
நாற்பத்தொன்றுக்குத் தாவு என்கிறது.
நாற்பத்தொன்றில் முன்பு சும்மா.
நாற்பத்திரண்டில் 'அணை'.
அந்தச் சும்மாவும் அதற்கு மேலே இன்னொன்றும் போனதில்
'அணை' நாற்பதுக்கு ஏறிவிட்டது.
வற்றிய கிணற்றிலிருந்து தாவியவன்
அணையைத் தாண்டி விழுந்து
எழுந்து
மறுபடி முதலிலிருந்து ஓடுகிறான்.
"வெட்டிப்பயனு நெனச்சுத் தூக்கிட்ட," என்றாள்,
திட்டுகிற மாதிரி இல்லை.

பதினாறையும் திரும்ப வைத்தேன்.
இடத்துக்காக,
ஆன் செய்ததும் கம்பெனி பெயரோடு ஓடுகிற
வணக்கத்தை வெட்டினேன்.
முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை.

புது சிப் இப்போது பையில், வெள்ளித்தாள் சுற்றி.
பக்கத்துச் சீட்டில் நீலக்கட்டம் போட்ட துண்டு.
பஸ் எடுத்தாகிவிட்டது, ஆள் வரவில்லை.
"யாருதும்மா?" என்றார் கம்பியைப் பிடித்து நின்றவர்.
வருவாங்க என்றேன்.
ஒத்தக்கடை தாண்டியும் அதையே சொன்னேன்.
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கண்டக்டர் வந்தார்.
எனக்கு ஒரு கருங்காலக்குடி கிழித்தார்.
துண்டின் முன்னால்
விசிலை உதட்டில் வைத்தபடி ஒரு நொடி,
சரியாக ஒரே நொடி, நின்றார்.
பிறகு அடுத்த சீட்டுக்குப் போனார்.